சிறு எஞ்சின்களில் சோக்கின் உபயோகம்

நிலமுடைய குடியானவர்களிடத்தில் பெட்ரோலினால் ஓடும் சிறு எஞ்சின்கள் இக்காலத்தில் பலவிதமாய்ப் புழக்கத்தில் இருக்கின்றன. வாய்க்காலிலிருந்தும் குட்டையிலிருந்தும் நீர் இறைக்கும் பம்புகள், கரும்பு, பருத்தி முதலிய பயிர்களில் களையெடுக்கும் இயந்திரங்கள், முதுகில் சுமந்து மருந்து தெளிக்கும் கருவிகள், புல் அறுக்கும் கருவிகள் ஆகிய இவற்றுள் பெரும்பாலானவற்றில் கார்புரேட்டர் என்னும் உறுப்பு உண்டு. கார்புரேட்டர் உள்ள இடத்தில் சோக்கு என்னும் விரலளவான நெம்புகோல் ஒன்றும் உண்டு. காலையில் கயிற்றை இழுத்திழுத்துத் தோள் கடுத்து, எஞ்சின் கிளம்பாமையால் வேலையைப் போட்டுவிட்டு மெக்கானிக்கைத் தேடிச் செல்லும் சந்தர்ப்பங்களிற் பல, இந்த நெம்புகோலை மூடவேண்டிய சமயத்தில் திறந்தும், திறக்கவேண்டிய சமயத்தில் மூடியும் வைத்ததனாலேயே நேர்பவை. டீசல் எஞ்சினுக்குச் சோக்கு இல்லை. ஆதலால் அதனைப்பற்றி இங்கே பேச்சில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் வைகாசி மாதத்தில் ஒரு குடியானவரின் நிலத்தில் இக்கட்டுரையாளர் நேரிற் கண்டது ஒன்று. வாய்க்காலில் அவருடைய முறைத் தண்ணீர் விடியற்காலை தொடங்கி உச்சிப்பொழுது வரையில். எஞ்சின் விடியலில் இரண்டாம் இழுப்பிலேயே கிளம்பி ஒரு மணி நேரம் நன்றாய் ஓடிற்று. பெட்ரோல் தீர்ந்து நின்றதும், சற்று ஆறவிட்டுப் பெட்ரோலை நிரப்பி, தினந்தோறும் காலையிற் செய்யும் பழக்கத்தின்படியே சோக்கை முழுவதும் மூடிக் கயிற்றை இழுத்தார். எஞ்சின் கிளம்பவில்லை. அவரும் அவருடைய மகனும் மாறி மாறி முப்பது முறைக்குமேல் இழுத்தார்கள். மெக்கானிக் வந்து பிளக்கைக் கழற்றியபோது அதிலிருந்து பெட்ரோல் சொட்டிற்று. எஞ்சினில் வேறு பழுது யாதும் இல்லை. பிளக்கைத் துடைத்து மாட்டிச் சோக்கைத் திறந்து இழுத்தவுடன் அது கிளம்பிற்று. ஆனால் அதற்குள் முறை முடிந்து வாய்க்கால் அடுத்தவருக்குப் போய்விட்டது. வெங்காய நாற்றங்காலில் பாதி அந்த வெயிலுக்குத் தாங்கவில்லை. மெக்கானிக்கின் கூலியைக் காட்டிலும் அந்த நஷ்டமே பெரிது.

சோக்கின் தன்மை

சோக்கை எப்பொழுது மூடவேண்டும், எப்பொழுது திறக்கவேண்டும் என்பது, அது செய்யும் வேலையை அறிந்தவர்க்குத் தானே விளங்கும். பெட்ரோல் எரிவதற்குக் காற்று வேண்டும். நிறையளவில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறக்குறைய 15 பங்கு காற்று தேவை. இதைக் கன அளவிற் சொன்னால், ஒரு லிட்டர் பெட்ரோல் முற்றும் எரிய ஏறக்குறைய 9,000 லிட்டர் காற்று எஞ்சினுக்குள்ளே செல்லவேண்டும். இந்த விகிதத்தை அமைத்துக் கொடுப்பதே கார்புரேட்டரின் வேலை. அதன் காற்றுக் குழாய் நடுவில் இடுக்கமாயிருக்கும். எஞ்சின் காற்றை உறிஞ்சும்போது அவ்விடுக்கில் காற்று வேகங்கொள்ள, அங்கே அழுத்தம் குறைகின்றது. அப்பொழுது மிதவைக் கிண்ணத்திலுள்ள பெட்ரோல் ஜெட் என்னும் நுண்துளை வழியாய் மேலெழும்பிப் பனித்துளிபோற் சிதறிக் காற்றோடு கலந்து செல்லுகின்றது. ஹங்கேரி நாட்டினரான டொனாத் பாங்கி, யானோஷ் சோங்கா என்னும் இருவர் இம்முறைக்கு 1893-ஆம் ஆண்டில் உரிமைப் பத்திரம் பெற்றார்கள். இன்று நம் கையிலுள்ள சிறு கார்புரேட்டரும் தத்துவத்தில் அதற்கு வேறானதன்று.

இங்கே கவனிக்கற்பாலது ஒன்று உண்டு. பெட்ரோல் நீராயிருக்கையில் எரிவதில்லை. ஆவியான பிறகே எரிகின்றது. எஞ்சின் சூடாயிருந்தால் துளிகளெல்லாம் உடனே ஆவியாகின்றன. எஞ்சின் குளிர்ந்திருந்தாலோ, அவற்றிற் பெரும்பகுதி குழாயின் சுவரிலும் சிலிண்டரின் சுவரிலும் ஈரமாய்ப் படிந்துவிட, எளிதில் ஆவியாகும் ஒரு சிறு பகுதி மாத்திரமே பிளக்கின் பொறியைச் சென்று சேருகின்றது. மேலும், கயிற்றை இழுத்துச் சுழற்றும் வேகம் எஞ்சின் ஓடும் வேகத்தைவிட மிகக் குறைவாதலால் உறிஞ்சும் பலமும் குறைவு. இவ்விரு குறைகளையும் நிவர்த்தி செய்யவே சோக்கு ஏற்பட்டது. கார்புரேட்டரின் வாயில் உள்ள வட்டத் தகடு ஒன்றை அது சாத்துகின்றது. காற்றுக்கு வழி அடைபடவே, உறிஞ்சும் பலமெல்லாம் ஜெட்டின்மேல் விழுந்து, வழக்கத்தைவிடப் பல மடங்கு பெட்ரோலை வெளியே இழுக்கின்றது. அதில் ஆவியாகக்கூடிய பகுதி முதல் வெடிப்புக்குப் போதுமானதாகின்றது. எனவே சோக்கு என்பது காற்றை அடைக்கும் கதவேயன்றிப் பெட்ரோலைத் திறந்துவிடும் குழாயன்று. அக்கதவு மூடியிருக்கும் வரையில் எஞ்சின் மூச்சடைத்த நிலையிலேயே இருக்கின்றது.

குளிர்ந்த எஞ்சினைக் கிளப்புதல்

பெட்ரோல் குழாயைத் திறந்து, கிண்ணம் நிரம்புவதற்கு அரை நிமிஷம் பொறுக்கவேண்டும். பின்பு சோக்கை முழுவதும் மூடி, வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில் பிடியை மூன்றிலொரு பங்கு திறந்து, சுவிட்சைப் போடுக. கயிற்றை முதலில் மெதுவாய் இழுத்து, கை தடைப்படும் இடம் வந்தவுடன் கயிற்றைத் திரும்பவிட்டு, அதன்பிறகே விரைவாய் இழுப்பது நன்று. நல்ல நிலையிலுள்ள எஞ்சின் இரண்டு முதல் நான்கு இழுப்புகளுக்குள் கிளம்பும். கிளம்பினவுடனே சோக்கைப் படீரென்று திறந்துவிடுதலும் பிழை, அதை மறந்து அப்படியே விட்டுவிடுதலும் பிழை. நெம்புகோலைச் சிறிது திறந்து பார்க்க. எஞ்சினின் ஓசை கூடித் தெளிந்தால் மேலும் திறக்க. தடுமாறினால் ஒரு நூலளவு பின்வாங்கிச் சற்றுப் பொறுக்க. இவ்வாறு ஓரிரு நிமிஷத்திற்குள் முற்றும் திறந்துவிடலாம். கடிகாரத்தைவிடக் காதே இதற்கு உத்தமமான வழிகாட்டி. சோக்கு முற்றும் திறக்கப்பட்ட பின்னரே களையெடுக்கும் கத்திகளுக்கோ வேறு வேலைக்கோ எஞ்சினைப் பூட்டவேண்டும்.

மருந்து தெளிக்கும் கருவிகளிலும் புல் அறுக்கும் கருவிகளிலும் பெரும்பாலும் பெட்ரோலோடு எண்ணெய் கலந்து ஊற்றும் இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின்களே அமைந்துள்ளன. இவை சோக்கு மூடிய நிலையில் ஒரு முறை இருமுவதுபோல் வெடித்து நின்றுவிடும். பழக்கமில்லாதவர்கள் இதைக் கிளம்பாத குறி என்று எண்ணி, மூடியபடியே மீண்டும் மீண்டும் இழுக்கிறார்கள். உண்மையில் அந்த ஒற்றை இருமலே போதிய பெட்ரோல் உள்ளே சேர்ந்துவிட்டது என்பதற்கு அடையாளம். அது கேட்டவுடன் சோக்கைப் பாதி திறந்து இழுத்தால் எஞ்சின் கிளம்பும்.

எவ்வளவு சோக்கு வேண்டும் என்பது பருவத்தையும் இடத்தையும் பொறுத்தது. சித்திரை மாதத்துச் சமவெளியில், வெயிலில் நின்ற எஞ்சினுக்குப் பாதி சோக்கே மிகுதி. சிலவற்றுக்கு அதுவும் வேண்டுவதில்லை. மார்கழி விடியலில் முழுச் சோக்கும் தேவைப்படும். ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகமண்டலம் போன்ற இடங்களில் காற்றின் அடர்த்தி சமவெளியைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவாதலின், அங்கே கலவையில் பெட்ரோல் இயல்பாகவே மிகுந்து நிற்கும். குளிருக்காகச் சோக்கை மூடுவது அவசியமானாலும், கிளம்பிய பின் அதைத் திறப்பதில் மலை நாட்டார் மிகவும் ஜாக்கிரதையாயிருக்க வேண்டும்.

சூடான எஞ்சினும் மூழ்கிய எஞ்சினும்

ஓடி நின்ற சூடான எஞ்சினுக்குச் சோக்கு வேண்டாம். மேலே கூறிய குடியானவர் இதையே அறியாமல் நஷ்டமடைந்தார். அரை மணி நேரத்துக்குமேல் நின்று ஆறியிருந்தாலும், முதலில் சோக்கைத் திறந்து வைத்து மூன்று முறை இழுத்துப் பார்க்க. கிளம்பாவிடில் பாதி மூடுக.

அளவுக்கு மிஞ்சிய பெட்ரோல் உள்ளே சேர்ந்து பிளக் நனைந்துவிட்டால் பொறி உண்டாகாது. எஞ்சினருகே பெட்ரோல் வாசனை வீசுதல் இதற்குக் குறி. இந்நிலையில் மேலும் சோக்கை மூடி இழுப்பது சேற்றிற் சிக்கிய வண்டியை ஆழத்துக்கு ஓட்டுவதற்கு ஒப்பாகும். பெட்ரோல் குழாயை அடைத்து, சோக்கையும் த்ராட்டிலையும் முற்றும் திறந்து, ஆறேழு முறை இழுத்தால் உள்ளிருக்கும் மிகுதி வெளியேறி எஞ்சின் பெரும்பாலும் கிளம்பிவிடும். அப்படியும் கிளம்பாவிடில் சுவிட்சை நிறுத்திப் பிளக்கைக் கழற்றி, துணியால் நன்றாய்த் துடைத்து உலர்த்துக. பிளக் இல்லாத நிலையில் சில முறை இழுக்கும்போது துளையிலிருந்து பெட்ரோல் ஆவி பீறிட்டு வரும். அச்சமயம் பிளக் கம்பியைத் துளைக்கு எட்ட ஒதுக்கி வைப்பதும், பீடி சுருட்டு முதலிய நெருப்பை அண்டவொட்டாமல் தடுப்பதும் இன்றியமையாதவை.

சோக்கு மூடியிருக்க ஓடும் எஞ்சின் உடனே நின்றுவிடுவதில்லை என்பதே அபாயம். பாதி மூடிய நிலையில் அது நாள் முழுவதும்கூட ஓடும். ஆனால் கரும்புகை கக்கும்; பெட்ரோல் வீணாகும்; பிளக்கில் கரி படியும். இவையெல்லாம் கண்ணுக்குத் தெரியும் நஷ்டங்கள். கண்ணுக்குத் தெரியாதது ஒன்று உண்டு. எரியாத பெட்ரோல் சிலிண்டரின் சுவரிலுள்ள எண்ணெய்ப் பூச்சைக் கழுவிக்கொண்டு, நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் கீழே எண்ணெய்த் தொட்டியிற் சென்று கலக்கின்றது. அளவுகோலை எடுத்துப் பார்த்தால் எண்ணெய் குறைவதற்குப் பதிலாக ஏறியிருக்கும். முகர்ந்தால் பெட்ரோல் வாசனை தெரியும். அவ்வெண்ணெய்க்கு வழுவழுப்பு இராது. அதை உடனே மாற்றாமல் ஓட்டினால் பிஸ்டன் வளையங்களும் சிலிண்டரும் தேய்ந்து, சில ஆண்டுகள் உழைக்கவேண்டிய எஞ்சின் விரைவில் வலுவிழக்கும்.

நெம்புகோல் திறந்திருந்தும் இதே குறிகள் கண்டால், காற்று வடிகட்டியைப் பார்க்கவேண்டும். கதிரடிக்கும் களத்திலும் புழுதி பறக்கும் வயலிலும் தூசி அடைந்த வடிகட்டி, மூடிய சோக்கைப் போலவே காற்றைத் தடுக்கும். அதைச் சுத்தம் செய்யவேண்டுமேயல்லாமல் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டுதல் கூடாது. மண் உள்ளே புகுந்தால் சிலிண்டருக்கு அதைவிடக் கேடு வேறில்லை.

இனி, இதற்கு நேர்மாறான நோய் ஒன்று. சூடேறிய பின்பும் சோக்கைத் திறந்தால் நின்றுபோகிறது, பாதி மூடினால் ஓடுகிறது என்று பலர் சொல்வதுண்டு. சிலர் அந்நிலையிலேயே நெம்புகோலைக் கம்பியால் கட்டி மாதக்கணக்கில் ஓட்டுவதையும் காண்கிறோம். இது சோக்கின் குற்றமன்று. ஜெட்டுக்குப் போதிய பெட்ரோல் வரவில்லை, அல்லது எங்கேயோ மிகுதியான காற்று புகுகின்றது என்று எஞ்சின் தெரிவிக்கும் குறி அது. பெட்ரோல் குழாயின் சல்லடை அடைந்திருக்கலாம். கிண்ணத்தின் அடியில் தண்ணீர் தங்கியிருக்கலாம். கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவிலுள்ள காஸ்கெட் கிழிந்திருக்கலாம். எல்லாவற்றிலும் சாதாரணமானது, பல மாதம் கிண்ணத்திலேயே நின்ற பெட்ரோல் பிசினாய் உறைந்து ஜெட்டை அடைப்பது. ஜெட்டைக் கழற்றிப் பெட்ரோலில் ஊறவைத்துக் காற்றினால் ஊதிச் சுத்தம் செய்ய வேண்டும். இரும்புக் கம்பியை நுழைத்துக் குடைந்தால் துளை பெரிதாகி விகிதமே கெட்டுப்போகும். ஒரு மாதத்துக்குமேல் எஞ்சினை நிறுத்தி வைப்பதானால் பெட்ரோல் குழாயை அடைத்துவிட்டு, தானே நிற்கும்வரை ஓடவிட்டுக் கிண்ணத்தைக் காலி செய்து வைத்தல் சிறந்த வழக்கம்.

நம் நாட்டில் 2023-ஆம் ஆண்டு தொடங்கி, நூற்றுக்கு 20 பங்கு எத்தனால் கலந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்துள்ளமையால் இவ்விஷயத்தில் கவனம் இன்னும் அதிகமாய் வேண்டும். எத்தனால் ஈரத்தை ஈர்ப்பது. தண்ணீர் மிகுந்தால் அதனோடு சேர்ந்து அடியில் தனியே பிரிந்துவிடும். அன்றியும் அது ஆவியாவதற்கு அதிக வெப்பத்தைக் கொள்வதாலும், எரிவதற்குப் பெட்ரோலைவிடக் குறைந்த காற்றையே வேண்டுவதாலும், பழைய ஜெட் அமைந்த எஞ்சின் குளிர்ந்த நிலையில் முன்னைவிடச் சற்று அதிக நேரம் சோக்கைக் கேட்கக்கூடும். இதைப் பழுதென்று எண்ணவேண்டுவதில்லை.

பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டும் எஞ்சின் வைத்திருப்பவர்கள் ஒன்றை நினைவிற் கொள்ளவேண்டும். பெட்ரோல் எந்தக் குளிரிலும் தீப்பற்றத்தக்க ஆவியைக் கொடுக்கும். மண்ணெண்ணெயோ 38 பாகை வெப்பத்துக்குக் குறைந்து அவ்வாறு கொடுப்பதில்லை. ஆதலால் கிண்ணத்தில் மண்ணெண்ணெய் நிற்க, குளிர்ந்த எஞ்சினை எவ்வளவு சோக்கு மூடி இழுத்தாலும் பயனில்லை. மாலையில் நிறுத்துவதற்குச் சில நிமிஷம் முன்னதாகவே பெட்ரோலுக்கு மாற்றி ஓட்டி நிறுத்தினால், மறுநாட் காலையில் கிண்ணத்தில் பெட்ரோலே ஆயத்தமாயிருக்கும்.

ஊர்ப் பொதுவிலோ குழுவாகவோ வாங்கி வீட்டுக்கு வீடு செல்லும் எஞ்சின்களே இவ்வகையில் அதிகம் சீர்கெடுகின்றன. ஒருவர் பழகியதை அடுத்தவர் அறியார். முதல் நாள் ஓட்டியவர் சோக்கை எந்நிலையில் விட்டார் என்பதும் தெரியாது. இத்தகைய எஞ்சின்களுக்குப் பொறுப்பாயுள்ள கிராம அதிகாரிகள், நெம்புகோலின் இரு முனைகளிலும் 'மூடியது', 'திறந்தது' என்று வண்ணத்தால் எழுதிவிடலாம். அடையாளக் குறிகள் எஞ்சினுக்கு எஞ்சின் வேறுபடுவதாலும், எண்ணெய்க் கறையில் அழிந்துவிடுவதாலும் இது மிகவும் உபயோகமானது. எஞ்சினைத் திரும்பப் பெறும்போது வேறொன்றும் பார்க்க நேரமில்லாவிடினும், அளவுகோலை உருவி எண்ணெயை ஒருமுறை முகர்ந்து பார்த்துப் பெற்றுக்கொள்வாராக.