காருக்குப் பின்னால் ஒரு வீடு

"கேரவன்" என்று சொன்னதும் நம்மவர்களுக்கு நினைவு வருகிறவர்கள் சினிமா நட்சத்திரங்கள்தான். படப்பிடிப்பு நடக்கிற தெருவில் கதவைச் சாத்திக்கொண்டு குளுகுளுவென்று நிற்குமே ஒரு பெரிய வண்டி, அது! நாம் சொல்லப் போவது அதற்கு ஒன்றுவிட்ட தங்கை. தானாக ஓடத் தெரியாது, இஞ்சின் கிடையாது. காரின் பின்னால் கொக்கி மாட்டி இழுத்துக்கொண்டு போக வேண்டும். உள்ளே படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, குளியலறை எல்லாம் ஒரு சின்னக் குடித்தனத்துக்கு வேண்டிய அளவில் இருக்கும். அமெரிக்காவில் அதை டிரெய்லர் என்கிறார்கள். இங்கிலாந்தில் கேரவன் என்றே பெயர்.

நம் நாட்டில் அது இன்னும் அபூர்வந்தான். ஆனால் கேரள அரசு 2021-ல் 'கேரவன் கேரளா' என்று ஒரு திட்டத்தைத் தொடங்கி, மறு வருஷமே வாகமண் மலையில் இத்தகைய வண்டிகள் தங்குவதற்கென்று ஓர் இடமும் திறந்த பிறகு, "நாமும் ஒன்று வாங்கினால் என்ன?" என்ற பேச்சு பல வீடுகளில் எழுந்திருக்கிறது. வாங்குவதற்கு முன், ஏற்கனவே வாங்கியவர்கள் எங்கெங்கே அசடு வழிந்தார்கள் என்று தெரிந்து கொள்வது நல்லதல்லவா?

புதுச்சேரியிலிருந்து கடலூர் சாலையில் தெற்கே போனால் அரியாங்குப்பம், நோணாங்குப்பம், சுண்ணாம்பாற்றுப் படகுத் துறை எல்லாம் தாண்டித் தவளக்குப்பம் வருகிறது. அங்கே ஒரு நாற்சந்தி. மேற்கே திரும்பினால் அபிஷேகப்பாக்கம், சிங்கிரிகுடி நரசிம்மர் கோயில். கிழக்கே திரும்பினால் நல்லவாடு, அப்புறம் கடல். சென்னையிலிருந்து ஒரு தம்பதி புது டிரெய்லரை இழுத்துக்கொண்டு, அநுமதியெல்லாம் முறையாக வாங்கி, கடலோரமாக ஒரு ராத்திரி தங்கலாமென்று வருவதாக வைத்துக் கொள்வோம். அவர் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கிறார். அந்த அம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்கிறாள்.

நாற்சந்தியில் இடது பக்கம் திரும்ப வேண்டும். காரை ஓட்டிப் பழகியவர், காரைத் திருப்புகிற மாதிரியே திருப்புகிறார். கார் அழகாகத் திரும்பிவிடுகிறது. பின்னால் வருகிற வீடு திரும்பவில்லை! அதாவது, திரும்புகிறது; ஆனால் கார் போன தடத்தில் அல்ல. இழுபடுகிற வண்டியின் சக்கரம் எப்போதும் வளைவை உள்பக்கமாக அறுத்துக்கொண்டு போகும். மூலையில் இளநீர்க் கடை இருந்தால் இளநீர்க் கடை. பெட்டிக் கடையின் பெஞ்சு இருந்தால் பெஞ்சு. அநுபவசாலிகள் என்ன செய்வார்கள் தெரியுமா? திரும்ப வேண்டிய இடம் வந்த பிறகும் திரும்பாமல், இன்னும் சற்று நேரே போய், அப்புறம்தான் வளைப்பார்கள். பார்க்கிறவர்களுக்கு, "இவர் வழி தப்பிவிட்டாரோ?" என்று தோன்றும்.

சரி, இளநீர்க் கடை தப்பியது. தெரு போகப் போகக் குறுகுகிறது. எதிரே ஒரு மீன் வண்டி. பின்னுக்கு எடுக்க வேண்டும். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் குடும்பச் சண்டைகளை வளர்த்த புகழ் இந்தப் 'பின்னுக்கு எடுப்ப'தற்குத்தான் உண்டு. டிரெய்லர் இடது பக்கம் போக வேண்டுமானால் ஸ்டியரிங்கை வலது பக்கம் திருப்ப வேண்டும்! மூளை ஒன்று சொல்கிறது, கை இன்னொன்று செய்கிறது. அம்மாள் கீழே இறங்கி, "வாங்க... வாங்க... இப்படி... ஐயோ, அப்படி இல்லை!" என்கிறாள். எப்படி என்றால் எப்படி? அவள் சொல்லும் 'இப்படி' அவர் கண்ணாடியில் 'அப்படி'யாகத் தெரிகிறது. கடைசியில் கார் ஒரு பக்கம், வீடு ஒரு பக்கம் மடங்கி, பேனாக்கத்தியை மூடின மாதிரி முட்டிக்கொண்டு நிற்கிறது. வேடிக்கை பார்க்கும் கூட்டத்துக்கோ கேட்க வேண்டியதில்லை. ஆளுக்கொரு யோசனை!

இதற்கு ஒரு சுலபமான உபாயம் இருக்கிறது. ஸ்டியரிங் சக்கரத்தை மேலே பிடிக்காமல் அடிப்பக்கத்தில் ஒரு கையால் பிடித்துக்கொள்ள வேண்டும். வண்டியின் பின்புறம் எந்தப் பக்கம் போக வேண்டுமோ, அந்தப் பக்கம் கையை நகர்த்தினால் போதும். குழப்பமே இல்லை. வழி காட்டுகிறவருக்கும் ஒரு நியமம்: ஓட்டுகிறவரின் கண்ணாடியில் தாம் தெரிகிற இடத்தில் மட்டுமே நிற்க வேண்டும். கண்ணாடியில் ஆளைக் காணோம் என்றால் உடனே வண்டியை நிறுத்திவிட வேண்டும். "வா"வுக்கு ஒரு கைஜாடை, "நில்"லுக்கு ஒரு கைஜாடை என்று புறப்படுகிற அன்றைக்கே வீட்டு வாசலில் பேசி முடித்துக் கொண்டால், நடுத்தெருவில் குரலை உயர்த்த வேண்டியதில்லை. இன்னொரு விஷயம்: நீளமான டிரெய்லரைவிடக் குட்டையான டிரெய்லர்தான் பின்னுக்குப் போகையில் அதிகமாகப் படுத்தும். சின்னதாக இருக்கிறதே என்று ஏமாந்து போகாதீர்கள்.

இந்த மாதிரிச் சங்கடங்களெல்லாம் இன்று நேற்று ஏற்பட்டவை அல்ல. உல்லாசப் பிரயாணத்துக்கென்றே வண்டி வீடு கட்டிக்கொண்ட முதல் மனிதர்களில் ஒருவர் கார்டன் ஸ்டேபிள்ஸ். ஸ்காட்லாந்துக்காரர், கடற்படையில் டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். 1885-ல் 'வாண்டரர்' என்ற பெயரில், ஏறக்குறைய 2 டன் எடையில், இரண்டு குதிரைகள் பூட்டிய ஒரு வீட்டைச் செய்வித்துக்கொண்டு, இங்கிலாந்திலிருந்து ஸ்காட்லாந்தின் வடக்கே இன்வர்னெஸ் வரை போனார். கூட ஒரு நாய், ஒரு கிளி. அவர் செய்த புத்திசாலித்தனமான காரியம் ஒன்று உண்டு. வேலைக்காரரை மூன்று சக்கர சைக்கிளில் முன்னால் அனுப்பிவிடுவார். 'பெரிய வண்டி வருகிறது, வழி விடுங்கள்' என்று அவர் சொல்லிக்கொண்டே போவார். நல்லவாட்டுத் தெருவுக்கு அந்த மூன்று சக்கர சைக்கிள்காரர் இருந்தால் எவ்வளவு சௌகரியம்!

அடுத்தது பாரம். இதில் நடப்பது வெறும் அசட்டுத்தனம் அல்ல, ஆபத்து. வீட்டுச் சாமான்களை எங்கே வைப்பது? பின்பக்கத்தில் தாராளமாக இடம் இருக்கிறதே என்று அரிசி மூட்டை, தண்ணீர்க் கேன், மடக்கு நாற்காலி, கிரைண்டர் எல்லாவற்றையும் பின்னால் அடுக்கிவிடுவார்கள். சாலையில் வேகம் பிடித்ததும் டிரெய்லர் இடமும் வலமுமாக ஆட ஆரம்பிக்கும். பக்கத்தில் ஒரு பஸ் முந்திக்கொண்டு போனால் அந்தக் காற்று வேகமே போதும், தலைமுடியை உதறுகிற மாதிரி வண்டி உதறிக்கொள்ள. கடைசியில் காரையும் சேர்த்துக் கவிழ்த்துவிடவும் கூடும்.

இதன் காரணத்தை நம் மாட்டுவண்டிக்காரர்கள் எந்தப் புத்தகமும் படிக்காமலே தெரிந்து வைத்திருந்தார்கள். கூண்டு வண்டியில் போனவர்களுக்கு ஞாபகம் இருக்கும். "பின்பாரமா இருக்கு, இன்னும் கொஞ்சம் முன்னாலே தள்ளி உட்காருங்கம்மா" என்பார் வண்டிக்காரர். பின்பாரம் அதிகமானால் நுகத்தடி மேலே தூக்கும்; மாட்டுக்குக் கழுத்தில் கயிறு இறுக்கும். முன்பாரம் அதிகமானால் மாடு பாரம் தாங்காது. இரண்டுக்கும் நடுவே ஓர் இடம் இருக்கிறது. அதே கணக்கைத்தான் மேல்நாட்டார் இன்று சதவிகிதமாகச் சொல்லுகிறார்கள். டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவிகிதம் காரின் கொக்கியில் அழுந்த வேண்டும் என்பது அமெரிக்கக் கணக்கு. வண்டிகள் லேசான பிரிட்டனில் 5 முதல் 7 சதவிகிதம் என்பார்கள். 1,000 கிலோ வண்டி என்றால், பிரிட்டிஷ் கணக்குப்படி பார்த்தாலும், ஒரு சிறு மூட்டை அரிசியின் கனம் கொக்கியில் உட்கார்ந்திருக்க வேண்டும். கனமான சாமான் அச்சுக்கு மேலே, தரையோடு தரையாக. லேசான துணிமணி மேல் அலமாரியில். அப்படியும் வண்டி ஆடத் தொடங்கினால் பதறிப்போய்ப் பிரேக்கை அழுத்தக் கூடாது. ஸ்டியரிங்கை வெட்டவும் கூடாது. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, வேகம் தானாகக் குறைய விட வேண்டும்.

பாரத்தைப் பற்றி ஹாலிவுட்டில் ஒரு சினிமாவே எடுத்திருக்கிறார்கள். 1954-ல் வந்த 'தி லாங், லாங் டிரெய்லர்' என்ற படம். லூஸில் பாலும் அவருடைய கணவர் டெஸி அர்னாஸும் நடித்தது. புது மணத் தம்பதி டிரெய்லரில் குடித்தனம் செய்கிறார்கள். உறவினர் வீட்டு வாசலில் வண்டியைப் பின்னுக்கு எடுக்கிறேன் என்று ரோஜாச் செடிகளை நாசம் செய்கிறார்கள். மழைச் சேற்றில் வண்டி சாய்ந்து நிற்க, அதற்குள்ளே தூங்கப் பார்க்கிறார்கள். கார் ஓடிக்கொண்டிருக்கும்போதே பின்னால் டிரெய்லருக்குள் நின்று சமைத்து விருந்து வைக்கப் பார்க்கிறாள் கதாநாயகி. அத்தனை பாத்திரமும் அவள் தலையில்! போன இடத்திலெல்லாம் ஞாபகார்த்தமாக ஒரு கல்லைப் பொறுக்கி வண்டியில் சேர்க்கிறாள். மலைப் பாதை வருகிறது. கல்லை எறி என்கிறார் கணவர். எறிந்ததாகச் சொல்லி அவள் ஒளித்து வைக்கிறாள். சிரிக்க எடுத்த படந்தான். என்றாலும், டிரெய்லர் வைத்திருக்கும் யாரும் அந்தக் காட்சியில் முழு மனத்தோடு சிரித்திருக்க மாட்டார்கள். நம் வீட்டு அம்மாக்கள் கல் பொறுக்க மாட்டார்கள் என்பது உண்மை. ஆனால் போகிற வழியில் மலிவாகக் கிடைத்தது என்று ஒரு மூட்டை பலாப்பழம்?

ஓடுகிற டிரெய்லருக்குள் ஆட்கள் இருக்கவே கூடாது. குழந்தைகள் படுத்துத் தூங்கட்டுமே என்று ஆசையாகத்தான் இருக்கும். பிரிட்டனில் சட்டமே அதைத் தடுக்கிறது. நம் நாட்டில் டிரெய்லருக்குத் தனிப் பதிவும் வேண்டும். அதன் மேல் இழுக்கிற காரின் எண்ணையும் காட்ட வேண்டும். பெண்கள் கணவர் பெயரையும் சேர்த்துப் போட்டுக் கொள்ளுகிற மாதிரி!

நம் தம்பதி ஒரு வழியாக இடம் வந்து சேர்ந்துவிட்டார்கள். காரைக் கழற்றிவிட்டுப் போய்ப் பால் வாங்கி வரலாம் என்று அவர் கொக்கியை எடுக்கிறார். டிரெய்லர் மெதுவாகக் கிளம்புகிறது. கடலைப் பார்க்க அதற்கும் ஆசை! சக்கரத்துக்குக் கட்டை கொடுக்காமல் கொக்கியைக் கழற்றியதன் பலன். தவளக்குப்பத்துக்கு அருகே வீராம்பட்டினத்தில் ஆடி மாதத்தில் செங்கழுநீர் அம்மன் தேர் ஓடும். பிரெஞ்சுக் கவர்னர் வடம் பிடித்த காலத்திலிருந்து இன்று துணைநிலை ஆளுநர் பிடிக்கிற வரை அந்தத் திருவிழாவுக்குத் தனிச் சிறப்பு உண்டு. எல்லோரும் வடம் பிடிக்கிறவர்களைத்தான் பார்க்கிறோம். தேரடியில் முட்டுக்கட்டையும் கையுமாகக் குனிந்தபடியே ஓடுகிறவர்களை யார் கவனிக்கிறோம்? அவ்வளவு பெரிய தேரை நிறுத்துவதும் திருப்புவதும் அந்தக் கட்டைதான். டிரெய்லருக்கும் அப்படியே: முதலில் கட்டை, அப்புறம்தான் கொக்கி. புறப்படும்போது நேர்மாறாக, முதலில் கொக்கி, கடைசியில் கட்டை.

மறதிக் கதைகளுக்கு முடிவே கிடையாது. படிக்கட்டை மடக்காமல் புறப்பட்டு மைல் கல்லில் இடித்தவர்கள், கூரை ஜன்னலைத் திறந்து வைத்தே ஓட்டி அதைக் காற்றில் பறக்கவிட்டவர்கள், குளிர்ப்பெட்டியின் கதவுக்குத் தாழ் போடாமல் மோரும் முட்டையும் தரையில் கலந்து ஓடக் கண்டவர்கள் என்று தினுசு தினுசாக இருக்கிறார்கள். புறப்படுமுன் ஒருவர் உள்ளே, ஒருவர் வெளியே சுற்றிப் பார்த்துவிட்டு, பிறகு இடம் மாற்றிக்கொண்டு இன்னொரு தடவை பார்ப்பது நல்ல வழக்கம். அந்தச் சமயத்தில் யாராவது வந்து பேச்சுக் கொடுத்தால், பேச்சு முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பாதியில் விட்ட பரிசோதனையில்தான் படிக்கட்டு மறந்து போகிறது.

இனிச் சொல்லப் போவது கொஞ்சம் கூச்சமான சமாசாரம். ஆனாலும் சொல்லாமல் விடுவதற்கில்லை. டிரெய்லரில் கழிவறைக்கு அடியில் ஒரு தொட்டி உண்டு. அடிக்கடி காலி செய்யச் சோம்பல்பட்டு, குழாய் இணைப்புள்ள முகாமில் அதன் அடைப்பைத் திறந்தபடியே விட்டுவிடுகிறார்கள் புதியவர்கள். நீரெல்லாம் வடிந்துவிடும், மற்றது வடியாமல் உள்ளேயே கோபுரமாக இறுகிப் போகும். பிறகு அதைச் சரி செய்ய ஆள் தேடும் அவமானம் விரோதிக்கும் வேண்டாம். அடைப்பை மூடியே வைத்து, தண்ணீரைத் தாராளமாக விட்டு, தொட்டி முக்காலுக்கு மேல் நிறைந்த பிறகு, அதற்கென்று ஏற்பட்ட இடத்தில் ஒரே மூச்சாகத் திறந்து விடுவதுதான் முறை. சமையல் கழிவு நீருக்கும் தனித் தொட்டி உண்டு. அரிசி களைந்த நீரும் சாம்பார்ச் சட்டி கழுவிய நீரும் நம் வெயிலில் ஒரே நாளில் நாற்றமெடுக்கும். பாத்திரத்தைத் துடைத்துவிட்டுக் கழுவுங்கள்.

இதுவரை சொன்ன தவறுகளுக்கெல்லாம் பிற்பாடு சிரித்துக் கொள்ளலாம். ஒன்றுக்கு மட்டும் முடியாது. 2024 டிசம்பரில் கேரளத்தில் வடகரை அருகே, சாலையோரம் நின்றிருந்த ஒரு கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். குளிர்சாதனத்துக்காக ஜெனரேட்டரை ஓடவிட்டுத் தூங்கியிருக்கிறார்கள். அதன் புகையிலிருந்த கார்பன் மோனாக்ஸைடு, வண்டியின் அடித்தளத்தில் இருந்த இடைவெளி வழியே உள்ளே நுழைந்துவிட்டது. அந்த வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. தூங்குகிறவர் தூங்கியபடியே போய்விடுவார். அது தானாகவே இஞ்சினோடு ஓடுகிற வகை வண்டிதான். ஆனால் இழுக்கிற வண்டிக்கும் ஆபத்து ஒன்றேதான். மூடிய அறைக்குள் கரி அடுப்பு, எரிகிற ஸ்டவ், பக்கத்தில் ஓடும் ஜெனரேட்டர் எதுவும் கூடாது. இரண்டு பக்கமும் காற்றுத் துவாரம் திறந்திருக்க வேண்டும். வாயுவை உணர்ந்து கூவும் சிறு கருவி கடைகளில் கிடைக்கிறது. திரைச்சீலையும் மேஜை விரிப்பும் வாங்குவதற்கு முன் அதை வாங்கிவிடுங்கள். காஸ் சிலிண்டரை, வண்டி ஓடும்போது அடியோடு மூடிவிட வேண்டும்.

இவ்வளவையும் கேட்டபின், "நமக்கு எதற்கு இந்த வம்பு?" என்று தோன்றலாம். அமெரிக்காவில் 'ஏர்ஸ்ட்ரீம்' என்ற வெள்ளி நிற டிரெய்லர்களைச் செய்த வாலி பயம் என்பவர், 1951-ல் 63 டிரெய்லர்களைச் சேர்த்துக்கொண்டு மத்திய அமெரிக்காவுக்குப் புறப்பட்டார். கடைசி வரை போய்ச் சேர்ந்தவை 14 தான். அத்தனை பட்டும் மனுஷர் விட்டாரா? 1959-ல் ஆப்பிரிக்காவின் தென்கோடியிலிருந்து கெய்ரோவரை இன்னொரு கூட்டத்தை அழைத்துக்கொண்டு கிளம்பினார். நம் புதுச்சேரிப் பக்கத்துக்கே 1969-ல் பாரிஸிலிருந்து மோட்டார் வண்டிகளில் தரை வழியாக ஒரு கூட்டம் ஆரோவில்லுக்கு வந்து சேர்ந்ததே!

ஆசை இருப்பவர்கள் முதலில் ஒரு வாரத்துக்கு வாடகைக்கு எடுத்துப் பார்க்கலாம். ஊரைவிட்டுக் கிளம்புமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் காலி மைதானம் ஒன்றுக்குப் போய், இரண்டு வாளிகளை வாசல் தூண்களைப் போல் நிறுத்தி, நடுவே பின்னுக்கு எடுத்துப் பழகுங்கள். அவர் ஓட்ட, அம்மாள் கைஜாடை காட்ட. அப்புறம் அம்மாள் ஓட்ட, அவர் காட்ட. முதல் நாள் வாளி இரண்டும் நசுங்கும். பழைய வாளியாக எடுத்துப் போங்கள்.