தாய்வழி நின்று தேடும் வரலாறு

ஊர் வரலாறும் குடும்ப வரலாறும் எழுதப் புகுவோர், தந்தையின் பெயரைப் பற்றிக்கொண்டு பிறப்புப் பதிவேட்டை நாடுதல் பெருவழக்கு. மேனாட்டாருக்குத் தலைமுறைதோறும் மாறாத குடும்பப்பெயர் உண்டாதலின், இம்முறை அங்கு நன்கு பயன்படும். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என அடுத்தடுத்து அமைந்த கிழக்குக் கரையூர்களிலோ, அது சில தலைமுறைகளுக்கு அப்பாற் செல்லாது தடைப்பட்டு நிற்கின்றது. காரணம் யாது?

இவ்வூர்களில் மகன் தன் பெயருக்கு முன் தந்தையின் பெயரை வைக்கின்றான். பேரனோ அதனை விடுத்துத் தன் தந்தையின் பெயரை வைக்கின்றான். பெயர் மாறுகின்றது, மாறாது நிற்பது குடியே. தாயின் குடியே பிள்ளைகளின் குடி. ஒரே குடியினர் தமக்குள் மணம் செய்துகொள்ளாமை மரபு. தமிழர், முஸ்லிம்கள் ஆகிய இருசாராரிடத்தும் வேரூன்றிய முறை இது. பள்ளிவாசல் நிருவாகத்தில் குடிவழியாக மரைக்காயர் இடம்பெற்று வந்தமையும் இதனாலேயே. வீடும் வளவும் பெண்ணுக்குச் சீதனமாகச் செல்ல, மணமகன் மனைவியின் வீட்டிற் சென்று வாழ்கின்றான். ஆகவே ஒரு வீட்டின் வரலாறு, தாயும் மகளுமாகத் தொடரும் ஒரு சங்கிலியாகும்.

அச்சங்கிலியைக் காட்டும் முதற்சான்று காணி உறுதியே. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காணியைக் கைமாற்றும் உறுதி நொத்தாரிசு முன்னும் சாட்சிகள் இருவர் முன்னும் எழுதப்படல் வேண்டுமென விதித்தது. கொடுப்பவர், பெறுபவர், நான்கெல்லை, கொடுப்பவருக்கு அக்காணி வந்த வழி ஆகியவை உறுதியிற் கூறப்படும். வந்த வழியாகக் குறிக்கப்பட்ட முந்திய உறுதியின் இலக்கத்தைத் தொடர்ந்தால், மகளிடமிருந்து தாயிடமும், தாயிடமிருந்து அவள் தாயிடமும் செல்லலாம். எல்லைக் காணிக்காரரின் பெயர்களோ அயலில் வாழ்ந்தோரை அறிவிக்கும்.

2004 டிசெம்பர் 26ஆம் நாள் எழுந்த கடற்கோள் இக்கரையில் எண்ணற்ற உயிர்களோடு, பெட்டகங்களிற் கிடந்த உறுதிகளையும் கொண்டு சென்றது. எனினும் உறுதி ஒரு படியோடு முடிவதன்று. ஒரு படி உரியவரிடமும், ஒன்று நொத்தாரிசிடமும், மற்றொன்று காணிப் பதிவகத்திலும் இருத்தல் விதி. இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர் ஆகிய மூன்றும் தெரியின், இழந்த உறுதியின் பிரதியைத் தேடிப் பெற வழியுண்டு. அவை தெரியாதவிடத்து அயலவரின் உறுதி துணைசெய்யக்கூடும்.

ஏனைய சான்றுகளும் உள. 1867ஆம் ஆண்டின் சட்டத்தை அடுத்து வளர்ந்த பிறப்பு, இறப்புப் பதிவுகள், 1871 முதலான குடிசன மதிப்பீடுகள், 1951ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி எழுதப்படும் முஸ்லிம் விவாகப் பதிவுகள் என்பன அவை. அரபுத்தமிழில் எழுதிய குடும்பக் குறிப்புகளும் மீசான் கற்களும் ஒதுக்கத்தக்கனவல்ல. அம்பாறை மாவட்டம் 1961ஆம் ஆண்டிலேயே தனியாகப் பிரிந்தது. ஆதலின் அதற்கு முந்திய அரசாங்கப் பத்திரங்களைக் கொழும்புத் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் மட்டக்களப்பு என்னும் தலைப்பிலேயே தேடுதல் வேண்டும். குடிமுறையை விளங்கிக்கொள்ள, பிறிற்றோ 1876இல் வெளியிட்ட முக்குவர் சட்ட நூலும், 1962இல் எப். எக்ஸ். சி. நடராசா பதிப்பித்த 'மட்டக்களப்பு மான்மிய'மும் உதவும்.

எச்சான்றையும் தனியே நம்புதல் தகாது. எழுதுவோர் பெயரைத் திரித்தனர். வயதை மதிப்பாற் குறித்தனர். போர்த்துக்கேயர் வெளியேற்றிய முஸ்லிம்களைக் கண்டி மன்னன் செனரத் 1626ஆம் ஆண்டளவில் மட்டக்களப்புப் பகுதியிற் குடியேற்றினான் என்பர். தாம் அவர்வழி வந்தோரென ஒரு குடும்பம் கூறின், அவ்வாண்டிற்கும் 1840க்கும் இடையே இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட இடைவெளி நிற்கின்றது. உறுதிகள் அதனை நிரப்பமாட்டா. அங்கு மரபுரையை மரபுரையென்றே எழுதுதல் ஆய்வாளன் கடன்.

ஏட்டில் இல்லாத குடிப்பெயரும், உறுதி எழுதிய நொத்தாரிசின் பெயரும் மூத்தம்மாவின் நினைவிலும் அம்மம்மாவின் நினைவிலும் இன்றும் உள்ளன. காணிப் பதிவகம் நாளையும் திறந்திருக்கும். அந்நினைவு நாளையும் இருக்குமென்பதற்கு உறுதியில்லை. மாணவர் முதலிற் செல்லவேண்டிய இடம் அதுவே.