நீர் வடியாத சலவை இயந்திரம்

துணி துவைத்து முடிந்த பின்னும் சலவை இயந்திரத்தினுள் அழுக்கு நீர் அப்படியே நிற்பதுண்டு. "மோட்டார் போய்விட்டது" என்று உடனே முடிவு கட்டிவிடுகிறோம். அதற்குமுன் சிலவற்றை நாமே ஆராயலாம். முதற்பணி, பிளக்கைக் கழற்றி மின் இணைப்பைத் துண்டித்தல்.

மேற்புறம் துணி போடும் இயந்திரங்கள் பலவற்றில் பம்பு இல்லை. அடியிலுள்ள வால்வு திறந்ததும் நீர் தானே வடிகிறது. ஆகவே வடிகுழாய் தரையோடு கிடக்க வேண்டும். வாசற்படியைத் தாண்ட உயர்த்தினால் நீர் தேங்கும். பள்ளம் நோக்கிப் பாய்வதன்றோ நீரின் இயல்பு!

முன்புறக் கதவுள்ள இயந்திரத்திலோ பம்பு நீரை மேலே தள்ளுகிறது. குழாய் முனையைப் பொதுவாக 60 முதல் 100 செ.மீ. உயரத்தில் பொருத்துவர். மிகத் தாழ்ந்தால், நிரம்பும்போதே நீர் வடிந்துவிடும். மிக உயர்ந்தால் பம்பு திணறும்.

குழாயில் மடிப்பு இல்லையெனில், இவ்வகையில் முன்புற அடியிலுள்ள வடிகட்டியைப் பார்க்க வேண்டும். வெந்நீராயின் ஆறவிட்டு, தட்டொன்றை வைத்து மெல்லத் திருகினால் நூற்பிசிறு, பொத்தான், நாணயம் முதலியன வெளிவரலாம். பம்பு உறுமியும் நீர் போகாவிடில் பெரும்பாலும் அடைப்பே. ஓசையே இல்லையெனில் மின்கோளாறாகலாம். அதைப் பழுது பார்ப்பவரிடம் விட்டுவிடுக.

எளியதை முதலில் சோதித்து அரியதற்குச் செல்வதே ஆய்வு நெறி. சோதனைச்சாலையில் கற்கும் அந்நெறி வீட்டுக் கொல்லையிலும் கைகொடுக்கும். துணி போடுமுன் சட்டைப்பையைத் துழாவுவோம்; ஒரு ரூபாய் நாணயம் பல நூறு ரூபாய்ச் செலவை வைத்துவிடக் கூடாதல்லவா?