கணினி அறிவியலுக்குத் திரும்பும் வழியில் ஒரு வருமான வரம்பு

கல்லூரியை இடையில் விட்டுத் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குச் சென்ற தலித் இளைஞர்கள், சில ஆண்டுகளுக்குப் பின் கணினி அறிவியல் படிக்க விழையும்போது வருமானச் சான்றிதழ் குறுக்கே நிற்கிறது. பட்டியல் சாதியினருக்கான போஸ்ட் மெட்ரிக் கல்வி உதவித்தொகைக்குக் குடும்ப ஆண்டு வருமான வரம்பு 2.5 லட்சம் ரூபாய். 2013இல் வகுக்கப்பட்ட இவ்வரம்பை 2021ஆம் ஆண்டு நெறிமுறைகளும் உயர்த்தவில்லை. தந்தை டெய்லராகவும் தாய் செக்கிங்கிலும் மாதம் தலா 12,000 ரூபாய் ஈட்டினாலே ஆண்டுக்கு 2.88 லட்சம், தகுதி பறிபோகிறது.

2019இல் வந்த பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கான இடஒதுக்கீட்டிலோ வரம்பு 8 லட்சம். அது இடஒதுக்கீடு, இது உதவித்தொகை. எனினும் வறுமைக்கு அரசிடம் இரு அளவுகோல்கள் இருப்பதை நாம் காண்கிறோம். பட்டியல் சாதியினரின் கல்வி நலனைத் தனிக் கவனத்துடன் பேணுமாறு அரசமைப்பின் 46ஆவது பிரிவு பணிக்கிறது. வரம்பை 8 லட்சமாக உயர்த்துவது அரசின் கடமை. அதைச் சலுகையாக நாம் கேட்கவில்லை.