கண்ணாடித் தொட்டியில் ஒரு கடல்

கடற்கரைக்குச் சென்று திரும்பும் குடும்பத்தில் குழந்தைகள் வெறுங்கையோடு வருவது அபூர்வம். கிளிஞ்சலும் சோழியும் மடி நிறைய இருக்கும். சில சமயம், பாறை இடுக்கிலே பிடித்த சிறு மீன் ஒன்றும் செம்பு ஜலத்தில் நீந்திக்கொண்டு வீடு வந்து சேரும். மறுநாட் காலையில் அது மல்லாந்து மிதக்கும், குழந்தை அழும். "கடல் மீன் வீட்டில் பிழைக்குமா?" என்று சொல்லிப் பெரியவர்கள் அதை வெளியே எறிந்துவிடுவார்கள்.

உண்மையில் கடல் மீன் வீட்டிலே பிழைக்கும், வருஷக்கணக்காகவும் வாழும். அதற்கு வேண்டிய அறிவு இன்று எளிதில் கிடைக்கிறது. ஆனால், அவ்வறிவைப் பெற்றவன் கடலிலிருந்து எதை எடுக்கலாம், எவ்வளவு எடுக்கலாம் என்பதையும் உடன் அறிந்துகொள்ள வேண்டும். இந்த இரண்டாவது பாடத்தை மறந்தவர்களால் என்ன நேர்ந்தது என்பதைச் சரித்திரம் காட்டுகிறது.

வீட்டுக்குள் கடல் ஜலத்தை வைத்துப் பிராணிகளை வளர்க்கும் வழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்திலே பரவிற்று. 1846-ஆம் வருஷத்தில் அன்னா தின் என்ற மாது டார்க்கீ கடற்கரையிலிருந்து சில பவழ ஜீவன்களை லண்டன் நகருக்குக் கொண்டு சென்றார். நாள்தோறும் புதிய கடல் ஜலம் தருவிப்பது இயலாத காரியம். ஆகவே, அவருடைய பணிப்பெண் திறந்த ஜன்னலின் முன் நின்று, நம் வீடுகளில் காப்பி ஆற்றுவதைப்போல அந்த ஜலத்தையே பாத்திரத்துக்குப் பாத்திரம் மாற்றி ஊற்றி வந்தாள். காற்றிலுள்ள பிராணவாயு ஜலத்தில் கலந்தது. பவழங்கள் உயிர் தரித்தன. 1853-ல் லண்டன் மிருகக்காட்சிசாலையில் மீன்களுக்கென்றே ஒரு மண்டபம் திறக்கப்பட்டது. மறுவருஷம் பிலிப் ஹென்றி காஸ் என்னும் இயற்கைநூல் வல்லார், கடல் பிராணிகளை வீட்டில் வளர்க்கும் முறையை விளக்கி அழகிய வர்ணப் படங்களுடன் ஒரு நூல் வெளியிட்டார்.

அந்நூலின் வெற்றியே வினையாயிற்று. டெவன் மாகாணத்துக் கடற்கரைப் பாறைகளுக்குக் கூட்டம் கூட்டமாக ஜனங்கள் கூடையும் உளியும் எடுத்துச் சென்றனர். கிடைத்தவற்றையெல்லாம் பெயர்த்து வந்தனர். அவற்றுட் பெரும்பாலானவை சில தினங்களில் மாண்டன. மாண்டவற்றுக்கு ஈடாக மீண்டும் சென்று பெயர்த்தனர். காஸின் புதல்வர் எட்மண்ட், 1907-ல் வெளியான தம் நூலில் இதை நினைந்து வருந்துகிறார். தம் இளமையில் மலர்த் தோட்டம்போல் விளங்கிய பாறைக் குட்டைகள், தந்தையார் எழுதியவற்றைப் படித்து வந்தவர்களாலேயே வெறிச்சோடிப்போயின என்கிறார். கடலை நேசித்த ஒருவர் எழுதிய நூல் கடற்கரையைச் சூறையாட வழிகாட்டியாயிற்று!

அதே நாட்டில் மற்றொரு வரலாறும் உண்டு. ஸ்காத்லாந்தில் வாழ்ந்த சர் ஜான் டாலியெல் என்பவர், 1828-ஆம் வருஷத்தில் நார்த் பெரிக் என்னும் ஊரின் பாறையிலிருந்து ஒரே ஒரு கடற்சாமந்தியை எடுத்து வந்து கண்ணாடிச் சாடியில் வளர்த்தார். கடற்சாமந்தி என்பது பூவைப்போல் தோன்றும் ஒரு பிராணி. அவர் 1851-ல் காலஞ்சென்றார், கடற்சாமந்தியோ சாகவில்லை. அவருக்குப்பின் ஒருவர் மாற்றி ஒருவராக அறிஞர் பலர் அதன் ஜலத்தை மாற்றியும், சிப்பிச் சதை ஊட்டியும் பேணி வந்தனர். "பாட்டி" என்று செல்லப் பெயர் பெற்ற அது, நூற்றுக்கணக்கான குட்டிகளை ஈன்று, 1887-ல் உயிர் நீத்தது. கடலிலிருந்து எடுத்தது ஒன்று. பேணியது 59 வருஷம். மீன் வளர்க்க விரும்பும் நம்மவர் மனத்தில் இருத்த வேண்டிய கணக்கு இதுவே.

இனி நமது கரையைப் பார்ப்போம். கடல் ஜீவராசிகளைக் காணும் ஆசை நமக்குப் புதிதன்று. சென்னை மெரீனாவில் 1909-ஆம் வருஷத்திலேயே கடல் மீன் காட்சிசாலை ஒன்று பொதுஜனங்களுக்குத் திறக்கப்பட்டது. இரண்டாம் உலக யுத்தத்தின்போது அது மூடப்பட்டது. அங்கே ஜனங்கள் கண்டு வியந்தவை வேற்று நாட்டுச் சரக்கல்ல. நம் கடலின் செல்வங்களே.

அச்செல்வத்தின் தலையாய களஞ்சியம் மன்னார் வளைகுடா. தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே 21 சிறு தீவுகள் பவழப் பாறைகள் சூழ அமைந்தன. சுண்ணாம்புக்காகப் பவழத்தை நெடுங்காலம் வெட்டி எடுத்தார்கள். அலைகளுக்கு அரணாயிருந்த பாறை குறையவே கரை அரிக்கப்பட்டு, பூவரசன்பட்டி, விலங்குச்சல்லி என்னும் இரண்டு தீவுகள் கடலுள் மறைந்தன. 1986-ல் இப்பகுதி தேசீயப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 2001-ல் கடற்குதிரைகளும், பாறை கட்டும் பவழங்களும், கடல்விசிறிகளும் வனவிலங்குச் சட்டத்தின் காவலுக்குள் கொண்டுவரப்பட்டன. ஆகவே, பூங்காவின் எல்லைக்குள் எதையும் எடுத்தலாகாது. கடற்குதிரையையும் பவழத்தையும் எங்கிருந்தும் எடுத்தலாகாது. சட்டத்துக்கு அஞ்சி மட்டுமன்று, தேசத்தின் பொதுச் சொத்து என்னும் உணர்ச்சியாலும் இவற்றை நாம் காத்தல் வேண்டும்.

காவலுக்குட்படாத கரைகளில், சாதாரணப் பாறைக் குட்டைகளிலிருந்து எதைக் கொள்ளலாம்? கண்ணைக் கவரும் மீனே பெரும்பாலும் தகாத மீன். வண்ணாத்தி மீன்களிற் பல வகைகள் உயிர்ப் பவழத்தை மட்டுமே மேய்வன. வேறு உணவைத் தீண்டாமல் தொட்டியிலே பட்டினி கிடந்து சாகும். கீச்சான் எதையும் உண்ணும். ஆனால் சுமார் ஓர் அடி வரை வளர்ந்து, உடனிருக்கும் மீன்களைக் கடித்துத் துன்புறுத்தும். மடவைக் குஞ்சு சாதுவானது. எனினும் அதுவும் விரைவில் தொட்டிக்கு அடங்காது. பாறை இடுக்கில் வாழும் சிறு உளுவை வகைகளே வீட்டுக்கு ஏற்றவை. அவை சில அங்குலமே வளர்வன. குட்டையில் வெயிலின் உஷ்ணத்தையும் மழையால் உப்புக் குறைவதையும் தாங்கிப் பழகியவை. ஆதலால் தொட்டியின் சிறு மாறுதல்களையும் தாங்கும்.

பிடிப்பதற்குப் பஞ்சாங்கமே துணை செய்யும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் மிகுதியாக வற்றும். அவ்வூர் மீனவர் ஒருவரைத் துணைகொண்டு, அவர் சொற்படி நடத்தல் நலம். விஷமுள் உள்ள மீன் எது, தீண்டினால் கொல்லும் கூம்புச் சங்கு எது என்பதை அவரே அறிவார். புரட்டிய கல்லை முன்பிருந்தபடியே திரும்ப வைக்க வேண்டும். இன்றேல் அதன் அடியில் ஒட்டியிருக்கும் ஜீவன்கள் யாவும் வெயிலில் மடியும். மெல்லிய வலையால் ஒன்றிரண்டு மீன்களை மாத்திரம் பிடித்து, பாத்திரத்தில் பாதியளவு கடல் ஜலம் விட்டு, ஈரத்துணியால் மூடி நிழலிலே கொண்டு வரலாம்.

ஆனால், மீன் வருமுன் தொட்டி ஆயத்தமாயிருக்க வேண்டும். குழந்தையின் மீன் மறுநாளே மடிந்ததன் காரணம் இங்கேதான் இருக்கிறது. செம்பிலே பிராணவாயு விரைவில் குறைந்துவிடும். அத்துடன் மீனின் கழிவிலிருந்து அம்மோனியா என்னும் நஞ்சும் சேரும். கடலிலே ஒருவகை நுண்ணுயிர்கள் அந்நஞ்சை நைட்ரைட்டாகவும், மற்றொரு வகை அதை அவ்வளவு தீங்கற்ற நைட்ரேட்டாகவும் மாற்றிவிடுகின்றன. புதுத் தொட்டியில் இந்நுண்ணுயிர்கள் பெருகி நிலைபெறச் சாதாரணமாக 4 முதல் 6 வாரம் வேண்டும். அவ்வளவு காலம் பொறுக்க மாட்டாதவர் கடல் மீன் வளர்க்க முற்படாதிருப்பதே நன்று.

100 லிட்டர் கொள்ளும் தொட்டி, ஜலத்தைச் சுத்தி செய்யும் கருவி, காற்றை ஊதும் கருவி, உப்பின் அளவைக் காட்டும் ஹைட்ரோமீட்டர் ஆகியவை அவசியம். கடல் ஜலத்தில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்புக்கள் உள்ளன. சமையல் உப்பைக் கரைத்தால் போதாது. மக்னீசியம், கால்சியம் முதலியனவும் வேண்டும். அதற்கென விற்கும் கலவையை வாங்கிக்கொள்ளலாம். ஜலம் ஆவியாகும்போது உப்பு தங்கிவிடுவதால், குறைந்த அளவுக்கு நல்ல ஜலமே விட வேண்டும். பதினைந்து நாளைக்கு ஒருமுறை பத்தில் ஒரு பங்கை மாற்ற வேண்டும்.

வர்ண மீன்தான் வேண்டும் என்று பிள்ளைகள் பிடிவாதம் செய்தால், கோமாளி மீன் உண்டு. இம்மீன்கள் யாவும் முதலில் ஆணாகவே முதிர்கின்றன. கூட்டத்தில் பெரியது ஒன்றே பெண். அது போய்விட்டால் அடுத்த பெரிய ஆண் பெண்ணாக மாறும். இதற்குக் காலம் பிடிக்கும். அழகாயிருக்கிறதென்று பெரிய மீனைப் பிடித்தால், அக்குடும்பத்தின் இனவிருத்தி அதுவரையில் நின்றுவிடும். நல்ல வேளையாக, மத்தியக் கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தார் மண்டபத்தில் கோமாளி மீன்களைத் தொட்டியிலேயே முட்டையிடச் செய்து குஞ்சு வளர்க்கும் முறையைக் கண்டிருக்கின்றனர். இவ்வாறு வளர்த்த மீனை வாங்குவோர் பவழப் பாறைக்கு ஒரு குறையும் வைப்பதில்லை. அது தொட்டி வாழ்வுக்கும் பழகியதாதலால் எளிதில் பிழைக்கும்.

இன்னும் ஓர் எச்சரிக்கை. வளர்த்துச் சலித்த மீனைக் கண்ட கடலில் விடுதல் கூடாது. நம் இந்து மகா சமுத்திரத்தைச் சேர்ந்த சிங்கமீன், 1985-ல் அமெரிக்காவின் பிளாரிடா கரையில் தென்பட்டது. தொட்டியிலிருந்து விடப்பட்டவையே அங்கு பெருகியிருக்க வேண்டும் என்பது அறிஞர் கருத்து. இன்று அவை கரீபியக் கடல் முழுதும் பரவி, அங்குள்ள சிறு மீன்களைத் தின்று தீர்க்கின்றன. ஆகவே, ஒரு மீனை ஏற்கும்போதே அதன் ஆயுள் முழுவதுக்கும் பொறுப்பேற்கிறோம் என்று கொள்ள வேண்டும்.

வீட்டில் தொட்டி வைக்க விரும்பும் பெற்றோர் முதலில் தம் குழந்தைகளைக் கடல் வற்றும் வேளையில் ஒரு பாறைக் குட்டைக்கு அழைத்துச் செல்லட்டும். ஒரு மணி நேரம் எதையும் பிடிக்காமல் உட்கார்ந்து பார்க்கட்டும். உளுவை எந்த இடுக்கில் ஒளிகிறது, எதைத் தின்கிறது, யாருக்கு அஞ்சுகிறது என்று குழந்தைகள் குறித்துக்கொள்ளட்டும். பிறகு வீடு திரும்பித் தொட்டியை ஆயத்தம் செய்து, ஆறு வாரம் பொறுத்து, அந்தக் குறிப்பின்படி ஒரே ஓர் உளுவைக்கு இடம் அமைக்கட்டும்.