ஐந்தாம் சக்கரம் எங்கே அமர வேண்டும்?

கண்டி மாநகரிற் பெரஹரா நடைபெறும் காலத்தில், வெளிநாடுகளில் வாழும் நம்மவர் பலர் ஊர் திரும்புவது வழக்கம். சென்ற ஆண்டு அவ்வாறு வந்த பழைய மாணவர் ஒருவர், தாயார், மனைவி, இரு பிள்ளைகள் சகிதம் நம் இல்லத்துக்கும் எழுந்தருளினார். பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் நம்மிடம் பௌதிகவியல் கற்றவர். இப்பொழுது கனடாவில் ரொறன்ரோ நகருக்கு அண்மையிற் குடியிருக்கிறார். தேநீர் அருந்தி முடிந்ததும், சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து நம் முன் விரித்தார். அது ஒரு வண்டியின் படம்.

"சேர், இதை வாங்கலாமா, வேண்டாமா என்று நீங்கள் சொல்ல வேண்டும். முற்பணம் கட்ட இரண்டு கிழமைதான் இருக்கிறது" என்றார்.

படத்தில் இருந்தது வண்டி என்பதைவிட வீடு என்பதே பொருந்தும். சமையலறை, படுக்கை, குளியலறை யாவும் உள்ளே உண்டு. கோடை விடுமுறையில் ஒரு பிக்கப் வண்டியின் பின்னே பூட்டி இழுத்துச் சென்று, ஏரிக்கரையிலோ காட்டோரத்திலோ நிறுத்தித் தங்குவார்களாம். இவ்வண்டி பிக்கப்பின் வாலிலே கொளுவப்படுவதில்லை. அதன் முன்பகுதி உயர்ந்து நீண்டு வந்து, பிக்கப்பின் சுமைப்பெட்டியின் நடுவே பொருத்திய ஓர் இரும்புத் தட்டின்மேல் அமர்கிறது. அத்தட்டுக்கே ஐந்தாம் சக்கரம் என்று பெயர். நம் மாணவரிடம் இருந்த பிக்கப்போ, பின்னிருக்கை நீண்டு சுமைப்பெட்டி குறுகிய வகை. அவருடைய நண்பர் ஒருவர் முந்திய கோடையில் இதே போன்ற வண்டியைப் பின்னோக்கி வளைத்து நிறுத்த முயன்றபோது, வீட்டு வண்டியின் முன்மூலை பிக்கப்பின் பின்கண்ணாடியை மோதி நொறுக்கிவிட்டதாம். பின்னிருக்கையில் இருந்த பிள்ளையின் மடியெல்லாம் கண்ணாடித் துண்டுகள். காயம் எதுவும் படவில்லை என்பது தெய்வச் செயல். இதைச் சொல்லும்போது மாணவரின் மனைவி தம் இளைய பிள்ளையை அருகே இழுத்து அணைத்துக்கொண்டதை நாம் கவனித்தோம்.

கனடாவின் வண்டியைப் பற்றிக் கண்டியில் இருக்கும் ஆசிரியரிடம் கேட்பானேன் என வாசகர்கள் நகைக்கக்கூடும். நாமும் முதலில் நகைக்கத்தான் செய்தோம். ஆயினும், வினா பௌதிக வினா. விடை காணும் இடமும் நமக்கு அண்மையிலேயே இருந்தது. மறுநாட் காலை அவரையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு கடுகண்ணாவைக்குப் புறப்பட்டோம்.

கொழும்பு - கண்டி வீதி மலையேறும் இடம் கடுகண்ணாவைக் கணவாய். இவ்வீதியை அமைத்தவர்களுள் முதன்மையான கப்டன் டோசன் 1829ஆம் ஆண்டிற் காலமானார். அவர் நினைவாக 1832இல் எழுப்பிய கோபுரம் மலையுச்சியில் இன்றும் நிற்கிறது. அன்று வீதி ஊடறுத்துச் சென்ற குகைப் பாறையும் வீதியோரத்தில் உண்டு. 1867இற் கண்டிக்குப் புகையிரதம் வரும்வரை, மலைநாட்டுக் கோப்பியின் பெரும்பகுதி இவ்வழியே மாட்டு வண்டிகளில்தான் இறங்கியது.

அந்தக் கரத்தைகளிலிருந்தே நம் பாடத்தைத் தொடங்கினோம். நம் பாட்டனார் கம்பளையில் ஒற்றைக் கரத்தை ஒன்று வைத்திருந்தவர். மூட்டைகளை ஏற்றி முடிந்ததும், மாட்டைப் பூட்டுமுன் ஏர்க்காலை ஒரு கையால் தூக்கிப் பார்ப்பார். அறவே கனமின்றி எழுந்தால் பின்பாரம். தூக்கவே முடியாவிட்டால் முன்பாரம். பின்பாரமானால் ஏர்க்கால் மேலெழுந்து, பூட்டாங்கயிறு மாட்டின் கழுத்தை இறுக்கும். முன்பாரமானால் நுகம் மாட்டின் பிடரியை அழுத்தும். சிறிதளவு முன்பாரம் வேண்டும், அதிகமும் ஆகாது என்பது அவர் கண்ட கணக்கு. பள்ளிக்கூடம் போகாதவர்; ஆனால் திருப்புதிறன் பற்றி நாம் கரும்பலகையில் எழுதுவதெல்லாம் அவர் கையில் இருந்தது.

புகையிரதத்தில் இந்தச் சிக்கல் இல்லை. ஒவ்வொரு பெட்டியும் தன் பாரத்தைத் தன் சக்கரங்களிலேயே தாங்குகிறது. இணைப்புக் கொளுக்கி இழுவையை மட்டும் ஏற்கிறது. கரத்தையிலோ பாரத்தின் ஒரு பங்கு இழுக்கும் மாட்டின்மேல் விழுகிறது. ஐந்தாம் சக்கர வண்டி கரத்தையின் இனத்தைச் சேர்ந்தது.

பாறைக்கு அருகே நாம் நின்றிருந்தபோது, பல்லேகலைத் தொழிற்பேட்டைப் பக்கம் போவது போலும், கொள்கலன் ஏற்றிய நீண்ட லொறி ஒன்று முனகிக்கொண்டு மேலேறி வந்தது. வளைவில் அதன் தலை ஒரு திசையும் உடல் வேறொரு திசையுமாய் நின்ற காட்சியைப் பிள்ளைகள் வாய்திறந்து பார்த்தனர். தலைக்கும் உடலுக்கும் நடுவே என்ன இருக்கிறது என்று மூத்த பெண் கேட்டாள். நல்ல கேள்வி. தலையின் பின்பக்கத்தில் எண்ணெய் பூசிய, குளம்பு வடிவான தட்டு ஒன்று உண்டு. உடலின் அடியில் இருந்து 2 அங்குலத் தடிப்புள்ள இரும்பு முளை ஒன்று கீழ்நோக்கி நீண்டிருக்கும். அம்முளை தட்டின் பிளவினூடே புகுந்ததும், தாடைகள் இரண்டும் அதை வளைத்துக் கவ்விக்கொள்ளும். நாற்பதடிக் கொள்கலனும் இந்த ஒரு முளையைப் பற்றித்தான் மலையேறுகிறது.

பெயர் வந்த கதையும் சுவையானது. குதிரை வண்டிகளில் முன்னச்சு திரும்புவதற்கு, அச்சுக்கும் வண்டிக்கும் நடுவே கிடையாக ஒரு வளையம் வைத்தார்கள். ஓடும் சக்கரங்கள் நான்கு; ஓடாத இது ஐந்தாவது. 1914இல் அமெரிக்காவின் டெற்றோயிற் நகரில், மர வியாபாரி ஒருவர் தமது படகைக் கோடை வாசஸ்தலத்துக்குக் கொண்டு செல்ல விரும்பினார். ஓகஸ்ட் ஃபுறூஹோஃப் என்னும் கருமான் அவருக்காக ஃபோர்ட் மோட்டார் வண்டியின் பின்னே இழுத்துச் செல்லும் வண்டியொன்றைச் செய்து கொடுத்தார். படகுக்குச் செய்ததைப் பின்னர் மரம் ஏற்றவும் கேட்டார் வியாபாரி. இன்று உலகெங்கும் ஓடும் இழுவை லொறிகளுக்கு அது ஒரு முன்னோடி. 1920களின் பிற்பகுதியில் ஆகாய விமானி கிளென் கேர்ட்டிஸ், மோட்டார் வண்டியின் பின்னே விமானச் சக்கரம் ஒன்றைக் கிடையாகப் படுக்க வைத்து, அதன் நடுவே முளையை இறக்கிக் குடும்ப வீட்டு வண்டியை இழுத்தார். நம் மாணவர் வாங்கப் போகும் வண்டிக்கு அவரே பாட்டனார் எனலாம்.

வீடு திரும்பியதும் விறாந்தையில் காகித அட்டை, கத்தரிக்கோல், குண்டூசி சகிதம் அமர்ந்தோம். மாணவர் தமது பிக்கப்பின் அளவுகளை ஏற்கெனவே எடுத்து வைத்திருந்தார், பாராட்டத்தக்க செயல். தட்டின் முளைக்குழி பின்னச்சுக்கு நேர் மேலே, அல்லது ஓரிரு அங்குலம் முன்னே அமைய வேண்டும். அதற்கும் பின்னே அமர்ந்தால், ஏர்க்கால் எழுவது போல் முன்சக்கரங்களின் பாரம் குறைந்து, சுக்கான் பிடிப்பு நழுவும். இவருடைய பிக்கப்பில் அந்த இடத்திலிருந்து பின்கண்ணாடிச் சுவர் 40 அங்குலம். வீட்டு வண்டியின் அகலமோ 96 அங்குலம். முளை அதன் முகப்புக்கு நேர்கீழே, அகலத்தின் நடுவே இருப்பதாகக் கொண்டால், முளையிலிருந்து முன்மூலை 48 அங்குலம்.

குண்டூசியை முளையாகக் குத்தி அட்டை வண்டியை மெல்லத் திருப்பினோம். மூலை முன்னே வந்து கொண்டேயிருந்தது. 40ஐ 48ஆல் வகுத்து, அதனைச் சைன் பெறுமானமாகக் கொண்ட கோணத்தைக் காண்க. ஏறத்தாழ 56 பாகை. மாணவர்கள் தாமே கணித்துப் பார்க்கலாம். நேர் வீதியிலும் நகர்த் திருப்பங்களிலும் அவ்வளவு வளைவு நேருவது அரிது. பின்னோக்கி நிறுத்தும்போதோ 56 பாகையை எளிதிற் கடந்துவிடும். நண்பரின் கண்ணாடி உடைந்தது அவர் கவனக்குறைவால் மட்டுமன்று. எட்டு அங்குலம் இல்லாமையால். எட்டடி நீளச் சுமைப்பெட்டி உள்ளவர்களுக்கு இந்தக் கவலை அநேகமாக இல்லை. அவர்களின் அச்சு, கண்ணாடியிலிருந்து இன்னும் பின்னே தள்ளி இருப்பதே காரணம்.

குறுகிய பெட்டிக்காரர் என் செய்வது? வழுக்கு இணைப்பு என்று ஒன்றுண்டு. தட்டு இரு தண்டவாளங்களின்மேல் அமர்ந்திருக்கும். வேண்டும்போது 12 அங்குலம் வரை பின்னே நகரும். 40 அங்குலம் 52 ஆகிவிட்டால், 48 அங்குல மூலை 4 அங்குல இடைவெளியுடன் தப்பிச் செல்லும். இதிலும் இருவகை. ஒன்றில், வண்டியை நிறுத்தி இறங்கி, நெம்புகோலை இழுத்து, பின்வண்டியின் தடுப்பைப் பிடித்துக்கொண்டு பிக்கப்பை மெல்ல முன்னே நகர்த்த வேண்டும். மற்றதில், வளைவுக்கு ஏற்பத் தட்டு தானாகவே பின்வாங்கி, நேரானதும் திரும்பி வரும். தானியங்கி வகை பாரமும் அதிகம், விலையும் அதிகம். இன்னொரு முறையில், முளை தட்டிலே திரும்பாது ஆப்பு வைத்து இறுக்கப்பட்டு, திரும்பும் இடமே வீட்டு வண்டியின் பக்கமாகப் பின்னே மாற்றப்படுகிறது. மூலைகளை வளைத்தோ குறைத்தோ கட்டிய வீட்டு வண்டிகளும் கிடைக்கின்றன.

"அப்படியானால் தானியங்கியையே வாங்கிவிடுகிறேன் சேர்" என்றார் மாணவர், முகம் மலர்ந்து.

"பொறும். நீர் இன்னும் ஏர்க்காலைத் தூக்கிப் பார்க்கவில்லையே" என்றோம்.

நம் மனத்தை உறுத்திக்கொண்டிருந்தது மூலையன்று, பாரம். அவருடைய பிக்கப் 4500 கிலோ இழுக்கும் என்று விற்பனையாளர் சொல்லியிருக்கிறார். சரக்கேற்றிய வீட்டு வண்டி 4000 கிலோ. இழுக்கும், ஐயமில்லை. ஆனால் இழுப்பது வேறு, தாங்குவது வேறு. வாலிலே கொளுவும் வண்டி தன் நிறையில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பங்கை மட்டுமே முன்னே இறக்கும். ஐந்தாம் சக்கர வண்டியோ பதினைந்து முதல் இருபத்தைந்து பங்கை இறக்கும். நடுவாக இருபது என்று கொள்வோம்: 800 கிலோ. இணைப்புத் தட்டு 70 கிலோ. தாயார் உட்பட ஐவரும் அவர்கள் கைப்பொருளும் 280 கிலோ. ஆக 1150 கிலோ. பிக்கப் தாங்கத்தக்க பாரம் எவ்வளவு என்று கேட்டோம். அவருக்குத் தெரியவில்லை. ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணிலே ஒட்டியிருக்கும் என்றோம். உடனே ரொறன்ரோவிலிருக்கும் மைத்துனரைத் தொலைபேசியில் அழைத்தார். அங்கே நள்ளிரவு, எனினும் மனிதர் கைவிளக்குடன் இறங்கிச் சென்று படம் எடுத்து அனுப்பினார். பயணிகளும் சுமையும் சேர்ந்து 850 கிலோவுக்கு மேற்படலாகாது.

முந்நூறு கிலோ மிகை. அந்தச் சிறு அட்டையைப் பார்த்துவிட்டு அவர் வெகுநேரம் பேசவில்லை. இத்தகைய மிகைப் பாரம் வாங்கிய அன்றே வண்டியை முறித்துவிடாது. டயர் சூடேறும், அச்சு களைக்கும், நீண்ட இறக்கம் ஒன்றிலே தடுப்பு தளரும். கடுகண்ணாவை இறக்கத்தில் சூடேறிய தடுப்பின் தீய்ந்த வாடையை அன்று காலைதான் நாம் எல்லோரும் முகர்ந்திருந்தோம். அவருடைய மனைவி, "அந்த வண்டி வேண்டாம்" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார்.

பிறகு தலைகீழாகக் கணக்கிட்டோம். 850இலிருந்து 350ஐக் கழித்தால் 500 மிஞ்சும். அது இருபது பங்கானால் முழுவண்டி 2500 கிலோ. அந்நிறைக்குள் அடங்கும் சிறிய ஐந்தாம் சக்கர வண்டிகள் உண்டு. குளியலறை சற்று ஒடுக்கமாயிருக்கும், அவ்வளவே. அவற்றுள் 84 அங்குல அகலமுள்ள ஒன்றை அவர் தெரிந்தெடுத்தார். பாதி 42 அங்குலம். கண்ணாடிக்கு இன்னும் 2 அங்குலம் குறைதான். ஆகவே வழுக்கு இணைப்பை விட முடியாது. ஆனால் கையால் இழுக்கும் வகையே போதும் என்றோம். தானியங்கியின் மேலதிக நிறையும் அந்த 500 கிலோவிலிருந்துதானே கழியும்.

வாங்குமுன் பார்க்க வேண்டியது மற்றொன்று: வீட்டு வண்டியின் அடிப்பாகத்துக்கும் பிக்கப்பின் பக்கச் சுவருக்கும் இடையே ஆறு அங்குலமேனும் வெளி வேண்டும். மேடுபள்ளமான வாசலில் ஏறும்போது இரண்டும் ஒன்றையொன்று கடிக்கும். கண்டியில் வீட்டு வாசலுக்கு மோட்டார் ஏற்றும் எவருக்கும் இது விளங்கும்.

பூட்டியபின் செய்ய வேண்டியதைப் பிள்ளைகளிடமே சொல்லிக் கொடுத்தோம்; பெரியவர்கள் அவசரத்தில் மறப்பர். முளை தாடைக்குள் இறங்காமல் மேலே தொற்றிக்கொண்டு நின்றாலும், பூட்டியது போலவே தோன்றும். எனவே கைவிளக்குப் பிடித்துத் தட்டுக்கும் வண்டியின் அடிக்கும் நடுவே வெளி தெரிகிறதா, தாடை முளையைச் சுற்றி மூடியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முட்டுக்கால்களை உயர்த்துமுன், பின்வண்டியின் தடுப்பைப் பிடித்துக்கொண்டு பிக்கப்பை முன்னே ஒருமுறை இழுத்துப் பார்க்க வேண்டும். கழன்றால் அங்கேயே கழலட்டும். பின்னே நகர்த்திய வழுக்குத் தட்டை, வீதியில் இறங்குமுன் முன்னே கொண்டுவந்து பூட்டவும் மறக்கலாகாது.

பெரஹரா முடிந்தது, விருந்தினரும் சென்றனர். இந்த வைகாசியில் ஒரு கடிதம் வந்தது. உள்ளே ஒரு நிழற்படம். ஏரிக்கரையில் சிறிய வெள்ளை வண்டி வளைந்து நிற்கிறது. மாணவரின் மனைவி நெம்புகோலைப் பிடித்திருக்கிறார். மூத்த பெண் பின்கண்ணாடிக்கும் மூலைக்கும் நடுவே பள்ளிக்கூட அடிமட்டத்தை நீட்டிக்கொண்டிருக்கிறாள். படத்தின் பின்புறம் அவளே தமிழில் எழுதியிருந்தாள்: "52இலிருந்து 42ஐக் கழித்தால் 10 என்றீர்கள். நான் அளந்தபோது ஒன்பதரைதான். மாமாவின் கணக்கில் அரை அங்குலம் பிழை."