துணி மூடிய இடம் மட்டும் மஞ்சள்

மலேசியாவின் பாலோவிலிருந்து ஒரு பாட்டி கேட்கிறார்: "பேரன் பிறந்து நான்கு நாள். மஞ்சள் கண்டிருக்கிறது. காலை வெயிலில் காட்டலாம் என்றால், வீட்டுக்கு வந்த தாதி வேண்டாம் என்கிறார், ரத்தம் எடுத்துப் பார்க்கணுமாம். எது சரி?"

தாதி சொல்வதுதான் சரி, அம்மா. ஆனால் மஞ்சளை வெளிச்சம் கரைக்கும் என்று முதலில் கவனித்தவரும் ஒரு தாதியே.

1956, இங்கிலாந்தின் ராச்ஃபோர்டு பொது மருத்துவமனை. குறைமாதக் குழந்தைகள் பிரிவைக் கவனித்துவந்த ஜீன் வார்டு, குழந்தைகளை வெயிலில் கொண்டுபோய் வைப்பார். ஒரு குழந்தையின் உடம்பெல்லாம் வெளுத்திருக்க, துணி மூடியிருந்த முக்கோணம் மட்டும் அடர்மஞ்சளாகவே இருந்தது. மருத்துவர்களிடம் காட்டினார். இதைத் தற்செயல் என்று எழுதுகிறவர்களை என்னால் ஏற்க முடியவில்லை. ஒரே குழந்தை, ஒரே ரத்தம், ஒரே நாள். வேறுபட்டது வெளிச்சம் ஒன்றுதான். இப்படி ஓர் ஒப்பீட்டை அமைக்கத்தான் ஆய்வகங்கள் பாடுபடுகின்றன. நாள் முழுக்கக் குழந்தையின் பக்கத்தில் இருந்து துணி மாற்றுகிறவர் கண்ணுக்கே அது படும். 1958இல் 'லான்செட்' இதழில் ஆய்வு வெளியானது. ஆசிரியர் வரிசையில் வார்டு இல்லை.

மஞ்சளுக்குக் காரணமான நிறமி பிலிருபின். அது தண்ணீரில் கரையாது. நீரை விரும்பும் அதன் முனைகள் உள்ளே மடங்கி, ஹைட்ரஜன் பிணைப்புகளால் பூட்டிக் கிடக்கின்றன. கிராம்பு குத்திய வெற்றிலைச் சுருள் மாதிரி. 460 நானோமீட்டரை ஒட்டிய நீல ஒளி பட்டால் ஓர் இரட்டைப் பிணைப்பு திரும்பிக்கொள்ளும். ஒரு பக்கத்துக் கிராம்பு கழன்று, சுருள் பாதி விரியும், தண்ணீர் உள்ளே புகும். கல்லீரல் பக்குவப்படுத்தக் காத்திராமல் பித்தநீரோடு வெளியேறிவிடும். போன இடத்திலோ இருட்டு. சில சுருள்கள் பழையபடி மடிந்து, கிராம்பையும் தாமே குத்திக்கொண்டு, குடல் வழியாக ரத்தத்துக்கே திரும்பப் பார்க்கும்! தாய்ப்பாலை அடிக்கடி கொடுக்கச் சொல்வது அதற்குத்தான்: மலத்தோடு அவை போய்விட வேண்டும். அதே ஒளியில் லூமிருபின் என்ற வேறொரு வடிவமாக உருமாறியவை மட்டும் மறுபடி மடிவதில்லை.

வெயிலிலும் நீல ஒளி உண்டு. கூடவே புற ஊதாக் கதிரும் சூடும். எவ்வளவு நீலம் உடம்பில் பட்டது என்று முற்றத்தில் யார் அளப்பது? 2015இல் வெளியான நைஜீரிய ஆய்வில் வெயில் பலன் தந்தது உண்மை. அங்கே புற ஊதாவை வடிகட்டும் பந்தலும் மருத்துவக் கண்காணிப்பும் இருந்தன. 'இயற்கை வைத்தியம்' என்று பரப்புகிறவர்கள் அந்தப் பந்தலைச் சொல்வதில்லை.

மலேசியாவில் குழந்தை பிறந்ததும் தொப்புள்கொடி ரத்தத்தில் ஜி6பிடி என்ற நொதியின் குறைபாட்டைச் சோதிக்கிறார்கள். பேரனின் முடிவைக் கேட்டுக்கொள்ளுங்கள். குறைபாடு இருந்தால் பிலிருபின் மளமளவென்று ஏறி மூளையைத் தாக்கலாம். அந்துருண்டை போட்டு வைத்த துணியைக்கூடப் போர்த்தக் கூடாது. குளுவாங் மருத்துவமனைக்குப் போகச் சொன்னால் அன்றைக்கே கிளம்பிவிடுங்கள்.